ஏறாத பேட்ஜ்

ஜூன் 3
பெரிய பேரன் கப்பலில் இன்ஜினியர். நடுப் பேரன் வங்கி மேனேஜர். அவன் கையெழுத்துப் போடாமல் பெட்டகம் திறக்காது. சின்னவள் கல்லூரியில் செடிகொடிப் படிப்பு, போன வருஷம் முதல் பரிசு. ஐந்தாவதோடு நின்றவளின் பேரப்பிள்ளைகள்! எழுதும்போதே நெஞ்சு நிமிர்கிறது.
பெரியவன் வந்துதான் நாலு வருஷமாகிறது.

ஜூன் 4
கொல்லை மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பெரியவன் கப்பலுக்குக் கிளம்பின அன்று அது பெருவிரல் பருமன் கன்று. தன் பழைய பள்ளிக்கூட பேட்ஜைக் கம்பியால் அதில் இறுக்கிக் கட்டினான். "பாட்டி, மரம் வளர வளர இதுவும் ஏறும். மாடி ஜன்னலுக்கு வர்றப்போ நானும் வந்து நிப்பேன்" என்றான்.
மரம் மாடியைத் தாண்டிவிட்டது. பேட்ஜ் என் இடுப்பு உயரத்திலேயே நிற்கிறது. மெதுவாக ஏறுகிறது போல.

ஜூன் 9
லீவுக்குச் சின்னவள் வந்தாள். பேட்ஜ் ஏறுவதைச் சொன்னதும் சிரித்தாள்.
"பாட்டி, அது மரம். லிஃப்ட் இல்ல."
"வளருதே, கண்ணு தெரியல?"
"நுனியிலதான் நீளும். ஏற்கெனவே வந்த தண்டு மேல போகாது, அங்கேயே நின்னு பருக்கும். பட்டைக்கு உள்ள வருஷா வருஷம் புது மரம் சேரும். இந்தக் கம்பி கழுத்தை நெரிக்குது. இலையில செய்யுற சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்கணும். வேர் பட்டினி கிடக்குது. வெட்டிடலாம்."
"அவன் கட்டினதுல கை வச்சே, பாரு."
கம்பி வெட்டும் பிளேயரை என் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். எனக்குத் தெரியாதா என் பேரனை?

ஜூன் 10
இன்ஜினியருக்குப் படித்தவன். இது அவனுக்குத் தெரிந்திருக்காதா?

ஜூன் 11
தெரிந்தே சொன்னானோ — அன்று அழுத என்னைச் சமாளிக்க?

ஜூலை 22
உச்சி இலை பழுக்கிறது. தண்ணீர் ஊற்றினேன். இன்னும் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 15
சின்னவளைக் கூப்பிட்டு, பிளேயரை நானே எடுத்துக் கொடுத்தேன். கம்பியைக் காணோம். பட்டை அதை விழுங்கி மூடியிருக்கிறது. முறுக்கின இரண்டு முனையும் பேட்ஜும் மட்டும் வெளியே. அதற்கு மேலே கழலை மாதிரி வீக்கம், கீழே மெலிவு. தோண்டித் தோண்டி அறுத்தாள்.
"பிழைக்குமாடி?"
"முன்னமே வெட்ட விட்டிருக்கலாம்ல, பாட்டி" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 2
ஒரு இலைகூட இல்லை. அடியில் துளிர்க்கும் என்று நகத்தால் கீறிப் பார்த்தேன். பச்சையே இல்லை.

அக்டோபர் 19
வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். மாடி ஜன்னலில் வெயில் கொளுத்துகிறது.

நவம்பர் 6
பெரியவன் போன் செய்தான். இந்த வருஷமும் லீவு இல்லையாம். பிறகு அவனாகவே சிரித்துக்கொண்டு, "பேட்ஜ் ஜன்னலுக்கு ஏறிடுச்சா, பாட்டி?" என்றான்.
ஞாபகம் வைத்திருக்கிறான் பாவி.
"ஏறுதுடா, ஏறுது" என்றேன். வேறென்ன சொல்ல?
அந்தப் பேட்ஜ் என் மடியில்தான் இருந்தது. சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவிலும் அதே பேட்ஜ், அவன் சட்டையில். அப்போது மீசைகூட முளைக்கவில்லை.
"கண்ணு, புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்பு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் தெரியணும்."