அணை உடைச்ச வருஷம்

14 மார்ச் 1988, திங்கள்

நான் இருக்கிற எஸ்பியர்க் பட்டணத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், பிறகு வயலுக்குள்ளால் நடை. புது வேலை. ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கிற பழைய மில் அணையை உடைக்க வேண்டும். எதற்காம்? லக்ஸ் ஏறுவதற்காம். நான் சவர்க்காரம் என்றுதான் நினைத்தேன். எங்கள் வேலைத்தலப் பெரியவர் யென்ஸ் கை இரண்டையும் விரித்து நீளம் காட்டின பிறகுதான் விளங்கியது, சால்மன் மீன். கடலில் இருந்து பிறந்த இடத்துக்கே திரும்பி வந்து முட்டை இடுமாம். அணை மறிக்குதாம்.

என்னோடு வேலை செய்கிற நித்தியானந்தன் சொன்னார்: "பாத்தியளே அண்ணை, மீனுக்கு வழி விடுறாங்கள். எங்கட பெண்டில் பிள்ளையளுக்குத்தான் வழியில்லை." சிரித்தோம். சிரிச்சுத்தான் என்ன.

மனைவி பரமேஸ்வரிக்கும் மகள் நிரஞ்சலாவுக்கும் ஊரிலிருந்து இங்கே வர விண்ணப்பம் போட்டு ஒரு வருஷம். நவம்பர் ஆறாம் திகதி மகளுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு சட்டத்தில் அவள் பிள்ளை இல்லையாம்.

2 ஏப்ரல், சனி

கடிதம் இல்லை.

19 மே, வியாழன்

இன்று அணையை வெட்டினார்கள். நான் காணவில்லை. யென்ஸ் என்னை டீசல் எடுக்க அனுப்பி, "ஹல் த்ரே"க்கு வந்து நிற்கச் சொன்னார். ஹல் என்றால் அரை, த்ரே என்றால் மூன்று. மூன்றரைக்கு ஐந்து நிமிடம் இருக்கவே பெருமையோடு வந்து இறங்கினேன். அணைக்குளம் வற்றி, சேறும் கட்டையுமாகக் கிடக்கிறது. எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். யென்ஸ் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். ஹல் த்ரே என்றால் இரண்டரையாம்! மூன்றாவது மணியில் பாதியாம். எந்த ஊரில் இப்பிடி எண்ணுவினம்?

எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். பிறகுதான் ஞாபகம் வந்துது —

போன புரட்டாதி, குடும்ப விண்ணப்பத்துக்குப் பொலிஸ் விசாரணை. ஹல் த்ரேக்கு எண்டுதான் சொன்னவை. நான் மூண்டரைக்குப் போனன். அறை பூட்டு. இவங்களுக்கும் நேரங்காலம் இல்லையெண்டு ஏசிப்போட்டு வந்தன். திரும்ப எழுதுவம் எண்டாள் அங்க இருந்த பெட்டை. எழுதேல்லை. அப்ப நான்தானே? ஐயோ, எட்டு மாசம்! விசரன். எருமை மாடு.

20 மே

வேலைக்குப் போகாமல் பொலிசுக்கு ஓடினேன். நேரம் பிழைச்சதுக்கு மன்னிப்புக் கேட்டேன். எதைச் சொல்கிறேன் என்றே அந்தப் பெட்டைக்கு விளங்கவில்லை. ஃபைல் தலைநகர் கோபன்ஹேகனில் இருக்கிறதாம், பொறுத்திருக்கட்டாம்.

3 யூலை, ஞாயிறு

பரமேஸ்வரிக்கு உள்ளதை எழுதிப்போட்டேன். பிழை என்ர எண்டு.

12 ஓகஸ்ட்

பதில் வந்தது. "இஞ்சேருங்கோ, ஒரு மணித்தியாலம் பிந்தினதுக்கு ஆரும் குடும்பத்தைப் பிரிச்சு வைப்பினமே? ஒழுங்காச் சாப்பிடுங்கோ." மகள் ஒரு சொல்லும் எழுதவில்லை. கோபமாக்கும்.

6 நவம்பர், ஞாயிறு

பதினெட்டு.

10 நவம்பர், வியாழன்

அணை இருந்த இடத்துக்கு மேலே ஒரு லக்ஸ். ஒண்டே ஒண்டு. என் கை நீளம் இருக்கும், சரளைக் கல்லில் வயிறு உரச நின்றது. அறுபது வருஷத்துக்குப் பிறகாம். யென்ஸ் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார், அவ்வளவு பெரிய மனிசன். மீன் வடிவுதான். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது.

4 மார்ச் 1989, சனி

நித்தியானந்தன் பேப்பரோடு வந்தார். தமிழாக்களின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடத்தில் சொல்லியே நிப்பாட்டி வைத்தார்களாம். ஒருவர் இருவருடையது இல்லை. அப்ப நான் ரெண்டரைக்குப் போயிருந்தாலும் —

"உங்கட பிழையில்லை அண்ணை" என்றார். நான் சந்தோஷப்பட வேணுமோ? பத்து மாசமா என்னை நானே திண்டது? கோபம்கூட வரேல்லை. களைச்சுப்போனன்.

11 ஏப்ரல், செவ்வாய்

பரமேஸ்வரிக்கு அனுமதி! மகளுடையது தனிக் கடிதமாக வரும் என்றார் நித்தியானந்தன். எனக்குப் பொறுக்கவில்லை. தந்தி அடித்தேன்: அனுமதி வந்தது, வெளிக்கிடவும்.

14 ஏப்ரல், வெள்ளி

வருஷப்பிறப்பு. மகளின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. வயது பதினெட்டு தாண்டியதால் இல்லையாம். நாலு வரி. மறிச்சு வைச்சதும் அவை, வயசு எண்ணுறதும் அவை.

ஊருக்கு எழுதினேன், கிழித்தேன். திரும்ப எழுதினேன். தபாலில் போடவில்லை.

23 ஏப்ரல், ஞாயிறு

கொழும்பிலிருந்து போன். இரண்டு பேரும் வந்து லொட்ஜில் நிற்கினமாம். பரமேஸ்வரியின் குரலில் அப்படி ஒரு சிரிப்பு. மகளுக்கு நீலத்தில் கம்பளிச் சட்டை வாங்கினாவாம், கை கொஞ்சம் நீளமாம்.

பிறகு நிரஞ்சலா போனை வாங்கினாள். "அப்பா, அங்க என்னை எந்த வகுப்பில விடுவினம்?"

சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"வந்தாப்பிறகு பாப்பம் பிள்ளை" எண்டன்.