வேப்பிலைக் கசப்பு

ஐப்பசி, கடைசி வியாழன் இரவு. இடைசெவல்.

பாப்பாவுக்குப் பால் மறக்கடிக்க, மாமியார் சொன்னபடி காலையில் மார்பில் வேப்பிலை அரைத்துத் தடவினேன். ஒரு வாய் வைத்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் நாத்தனார் செல்வியிடம் ஓடிவிட்டாள்.

"ஏட்டி, ஒங்கம்மா கசந்துட்டாளா?" என்று சிரித்தாள் செல்வி. "விடுங்க மதினி, பிள்ளை எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க பரிட்சைக்குப் படிங்க."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் கிடைக்குப் போகும் ஆடுகளைக் காட்டிக் காட்டி அவளே சோறு ஊட்டினாள். அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தபடியே பாப்பா தூங்கிப்போனாள். என்னைத் தேடவே இல்லை.

எதற்குப் பிறந்தோம் என்று கல்லூரி விடுதியில் விடிய விடியப் பேசுவோம். பிள்ளை பிறந்ததும் எனக்கு அந்தக் கேள்வி நின்றுபோனது. பசித்தால் நான், அழுதால் நான். அதுவே பதிலாக இருந்தது. இனி நான் எதற்கு?

மார்பில் தடவிய வேப்பிலையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். பால் கட்டி வலிக்கிறது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளை அழ மாட்டாளா என்று காத்திருக்கிறேன். எந்தத் தாயாவது இப்படி வேண்டுவாளா?

இதோ, சிணுங்குகிறாள். எழுந்தேன். அதற்குள் செல்வி தட்டிக்கொடுக்கும் சத்தம். நின்றபடியே எழுதுகிறேன். மறுபடி தூங்கிவிட்டாள்.