தாங்குவேன்: ஆம்

மே 12, திங்கள்

நம்பிக்கை இல்லாத ஒருத்தி, அடுத்தவர் பிள்ளைக்காக ஜெபிப்பதாக ஒப்புக்கொண்டால் அது பொய்யா, மரியாதையா? எனக்குத் தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போதும் யோசித்தேன். இன்னும் தெரியவில்லை.

மகள் இந்தக் கோடைக்கு வீட்டுக்கு வரவில்லை. அவள் கல்லூரியின் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் நடத்தும் ஒன்பது வார ஊழியத்தில் சேர்ந்திருக்கிறாள். விடுதியிலேயே தங்கல். காலையில் சிறுபிள்ளைகளுக்கு வேதப்பள்ளி, மதியம் முறைவைத்துச் சமையலும் துடைப்பமும், மாலையில் வீடு வீடாகப் போவது. போன மாதம் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு படிவம் வந்தது. அதன் கடைசி வரி: ‘மாணவியைத் தாங்குவேன்: ஆம் / இல்லை.’ எந்தத் தாய் இல்லை என்று போடுவாள்? மருத்துவம், பயணம் என்று ஏதோ நினைத்துக்கொண்டு ஆம் என்று குறியிட்டேன்.

அவர்கள் பேச்சில் தாங்குவது என்றால் ஜெபத்தில் தாங்குவது. சிறுவயதில் ஞாயிறுதோறும் என் காதில் விழுந்த சொல்தான். முப்பது வருடத்தில் எப்படி மறந்தேன்?

இன்று ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அழைத்தார். “தாங்குறவங்க லிஸ்ட்ல உங்க பேரு இருக்குக்கா. உங்களுக்கு ஒரு பொண்ணு குடுத்திருக்கோம்.”

“என் பொண்ணுதானே?”

“சொந்தப் பிள்ளைய யாருக்கும் குடுக்க மாட்டோம்க்கா. சொந்தப் பிள்ளைக்கு எல்லாரும்தான் ஜெபிப்பாங்க.”

வேறு கல்லூரிப் பெண்ணாம். புதன்கிழமை ஏழு மணிக்கு அவளே அழைப்பாள். நான் சரி என்றேன்.

“தப்பா டிக் பண்ணிட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானே?” என்றார் என் கணவர். சொன்னால் மகளுக்கு அங்கே தலைகுனிவு என்றேன். “நீ ஜெபிச்சு அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகப்போகுதோ, பாவம்,” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அவர் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகிறவர். பாடகர் குழுவுக்காகப் போகிறாரா, கடவுளுக்காகவா என்று நான் கேட்டதில்லை.

மே 14, புதன்

ஏழு அடித்ததும் அழைத்தாள். புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. வாய்க்குள் ஏதோ வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல்.

“சளியா?”

“கடவாய்ப் பல்லு ஆன்ட்டி. வீங்கியிருக்கு. டீம்ல சொல்லல. இந்த வாரம் சமையல் என் முறை. நான் படுத்தா இன்னொருத்தி மாட்டுவா.”

இருபது நிமிடம் பேசினாள். கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வரும். பிறகு அந்த இடம் வந்தது.

“நீங்க ஜெபிக்கிறீங்களா, நான் ஜெபிக்கட்டுமா?”

“நீயே பண்ணும்மா.”

ஜெபித்தாள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் போல. முடித்ததும் எனக்கு என்ன விண்ணப்பம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். “அப்ப சொல்லாத விண்ணப்பம்னு எழுதிக்கிறேன்,” என்றாள். அப்படி ஒரு வகையே இருக்கிறதாம். என் பெயருக்கு எதிரே அதை எழுதும் பேனாச் சத்தம் கேட்டது.

மே 17, சனி

மாணவிகளின் போன்களை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு முறை திறக்கும். புதன், தாங்குபவருக்கு. சனி, வீட்டுக்கு. இன்று எங்கள் நாள்.

“நல்லா இருக்கேன்மா.”

“சாப்பிட்டியா?”

“ம்.”

“வெயில் ரொம்பவா?”

“எல்லா இடத்துலயும் வெயில்தானேம்மா.”

உனக்கு யாரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ரிட்டயர் ஆன டீச்சராம். “அவங்ககிட்ட என்ன வேணா பேசலாம்மா. சரி, அப்பா இருக்காரா?”

என்னோடு நான்கு நிமிடம். அவரோடு பதினாறு.

மே 18, ஞாயிறு

என்ன வேணா என்பதில் என்னென்ன அடங்கும்?

மே 28, புதன்

புதன்காரிக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். போன வாரம் நான் அவளைக் கண்டித்தேன். திட்டினேன் என்றே சொல்லலாம். மறுநாளே மருத்துவரிடம் போயிருக்கிறாள்.

இன்று அவள் சொன்ன கதை. பொம்மலாட்டத்துக்குக் காலுறையில் ஒரு பெரிய மீன் தைத்தார்களாம். வேதக் கதையில் வருகிறபடி மனிதனை விழுங்கியது. திரும்பத் துப்ப வேண்டிய நேரத்தில் வாய் திறக்கவில்லை, தையல் சிக்கிக்கொண்டது. இவள் திரைக்குப் பின்னால் இழுக்கிறாள், இழுக்கிறாள். முன்வரிசைப் பையன் ஒருவன், “பரவால்லக்கா, அவரு உள்ளயே இருக்கட்டும்,” என்றானாம்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கூடத்திலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். “குட்டியா?”

மகள் இல்லை என்று தலையாட்டினேன். மகளும் பொம்மலாட்டம் செய்கிறாள்தானே? அவளுடைய மீன் வாய் திறந்ததா? அதைக் கேட்டுச் சிரித்த டீச்சர் எந்த ஊரில் இருக்கிறார்?

ஜூன் 6, வெள்ளி

ஆய்வகத்தில் ஒரே நெருக்கடி. ஏரி வற்ற வற்றக் குடிநீர் மாதிரிகள் கூடிக்கொண்டே போகின்றன. இன்று மட்டும் அறுபத்திரண்டு பாட்டில்கள். மூன்றில் குளோரின் துளியும் இல்லை. திரும்ப எடுத்து வரச் சொன்னேன்.

மகளின் ஊழியம் பற்றி ஆய்வக உதவியாளர் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார். “மேடம், நீங்க தண்ணியவே மூணு தடவ டெஸ்ட் பண்ணாம நம்ப மாட்டீங்க. உங்க வீட்லயா?”

“அவ அப்பா பக்கம்,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவளை விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது.

ஜூன் 14, சனி

ஊழியம் ஜூலை பன்னிரண்டில் முடிகிறது. கல்லூரி திறப்பது இருபத்தெட்டில். நடுவே பதினைந்து நாள், வீட்டுக்கு. நாள்காட்டியில் நான் எதையும் வட்டமிடவில்லை. மனப்பாடம்.

இன்று சொன்னாள், “அம்மா, புதுசா வர்ற பசங்களுக்கு முகாம் நடத்தணுமாம். அந்தப் பதினஞ்சு நாளும் இருக்க முடியுமான்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பேரு குடுக்கணும். என்னம்மா சொல்ற?”

கொஞ்சம் இடைவெளி விட்டாள். அது எனக்கு இப்போதுதான், எழுதும்போதுதான் உறைக்கிறது. இடைவெளி விட்டாள்.

“உன் இஷ்டம்,” என்றேன்.

“சரிம்மா. அப்பா இருக்காரா?”

ஜூன் 15, ஞாயிறு

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் அப்பா ஒருநாளும் உன் இஷ்டம் என்று சொன்னவரில்லை. எந்தப் பாடம், எந்தச் சேலை, ஞாயிற்றுக்கிழமை எந்த வரிசையில் உட்கார வேண்டும், எல்லாம் அவர் இஷ்டம். பல்கலைக்கழக விடுதியில் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த இரண்டு மணி நேரம் மாதிரி ஒரு சுகம் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. மகள் பிறந்தபோது முடிவு செய்தேன், இவள் கழுத்தில் நான் கயிறு கட்ட மாட்டேன் என்று. பதினேழு வயதில் கல்லூரிப் பாடம் தேர்ந்தெடுத்தபோதும், ஐக்கியத்தில் சேரப் போகிறேன் என்றபோதும், உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன். நான் கொடுத்தவற்றிலேயே பெரியது அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் வர வேண்டும். இங்கே எழுதுவதில் என்ன, யார் பார்க்கிறார்கள். வர வேண்டும். குளியலறையில் ஈரத் துண்டைக் கொடியில் போடாமல் கதவில் மாட்ட வேண்டும். நான் கத்த வேண்டும்.

ஜூன் 18, புதன்

புதன்காரி இன்று அழுதாள். அவளையும் முகாமுக்கு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் கல்லூரியிலும் கேட்கிறார்கள் போல.

“எங்கம்மாகிட்ட கேட்டேன் ஆன்ட்டி. உன் இஷ்டம்னுட்டாங்க.”

“அது நல்லதுதானே? உன்ன நம்பித்தானே சொல்றாங்க?”

“நம்பிக்கை இல்ல ஆன்ட்டி. வந்தாலும் சரி, வராட்டியும் சரின்னு அர்த்தம். எப்பவும் அப்படித்தான். மார்க் வாங்கினாலும் உன் இஷ்டம், முடி வெட்டினாலும் உன் இஷ்டம். வான்னு ஒரு வார்த்த சொன்னா வாயா வலிக்கும்?”

நான் எழுந்து போய்ச் சமையலறை விசிறியை நிறுத்தினேன். சத்தமாக இருந்தது.

“எங்கம்மா வான்னு சொல்லணும்னு ஜெபிங்க ஆன்ட்டி. இந்தத் தடவ நீங்களே பண்ணுங்க.”

இதற்கு மேல் முடியவில்லை. “நான் ஜெபிக்கிறவ இல்லம்மா. அந்தப் படிவத்துல தப்பாக் குறி போட்டுட்டேன். உன்கிட்ட முதல் நாளே சொல்லியிருக்கணும்.”

மூக்கை உறிஞ்சினாள். “தெரியும் ஆன்ட்டி.”

“எப்படி?”

“போன வருஷம் எனக்கு இருந்தவங்க நல்லா ஜெபிப்பாங்க. ஆனா சொன்னது என்னாச்சுன்னு அடுத்த வாரம் கேட்டதில்ல. நீங்க பல்லு என்னாச்சுன்னு கேட்டீங்க.” கொஞ்சம் சிரித்தாள். பிறகு, “சரி, ஜெபம் வேணாம். நீங்களும் அம்மாதானே, சும்மா சொல்லுங்க. ஏன் அப்படிச் சொல்றாங்க?”

ஏன்? சுதந்திரம், அப்பா, விடுதிக் கூரை, எல்லாம் தயாராக இருந்தது. வாயில் வந்தது வேறு.

“பயம்மா.”

“என்ன பயம்?”

“வான்னு சொல்லி, நீ வராமப் போயிட்டா?”



“அப்ப நானே போயிக் கேக்கணுமா, அவங்களாச் சொல்லணுமா?”

“அவங்கதான் சொல்லணும்,” என்றேன்.

ஜூன் 19, வியாழன்

மகளை அழைத்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிறது.

ஒருங்கிணைப்பாளர் அம்மாளை அழைத்தேன். “அவசரம்னா கூப்பிட்டுத் தரச் சொல்றேன்க்கா. அவசரமா?”

அவசரம்தான். “இல்லைங்க, சும்மாதான்,” என்று வைத்துவிட்டேன். ஐம்பது வயதாகப் போகிறது. என்ன பிறவி நான்?

ஜூன் 20, வெள்ளி

இன்று வெள்ளி. மாலை ஐந்து வரை ஆய்வகத்தில் இருந்தேன். மாதிரிகள் அனைத்தும் சரியாக இருந்தன.

ஜூன் 21, சனி

மணி அடித்ததும் எடுத்தேன். அவள் நல்லா இருக்கேன்மா என்று தொடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

“குட்டி, அந்தப் பதினஞ்சு நாளுக்கு வீட்டுக்கு வா. எனக்கு நீ இங்க வேணும்.”

கூடத்தில் செய்தித்தாள் சத்தம் நின்றது.

“அம்மா?” என்றாள், வேறு யாரோ பேசுகிறார்களோ என்பது போல. பிறகு, “நேத்து பேரு குடுத்துட்டேன்மா. ரெண்டாவது குழு எனக்குத்தான். இப்ப மாத்த முடியாது. நான் வராட்டியும் உனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்.”

“சரி,” என்றேன். ‘உன் இஷ்’ வரை நாக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

“ஏம்மா, உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். சும்மா தோணுச்சு, சொன்னேன்.”

சும்மா இல்லை. அதையும் சொல்லவில்லை. எதுவோ கண்ணில் விழுந்துவிட்டது என்று அவரிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். அவர் வந்து அருகில் நின்றார், ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

ஜூன் 22, ஞாயிறு

காலை ஆறு நாற்பதுக்குத் தெரியாத எண். எடுத்தேன். மகள். சமையல்கார அம்மாவின் போனைக் கடன் வாங்கியிருக்கிறாள்.

“என்ன ஆச்சு?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல. நேத்து சொன்னியே. அத இன்னொரு தடவ சொல்லும்மா.”

சொன்னேன். இந்த முறை வேகமாகச் சொல்லவில்லை.

“வர முடியாதும்மா,” என்றாள்.

“தெரியும்.”

வைக்கவில்லை. பின்னால் யாரோ பாத்திரத்தை உருட்டினார்கள். பிறகு நான் கேட்காமலே அறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நான்கு கட்டில், மூன்று பேர். அவளுடையது ஜன்னலோரம். மேற்கு வெயில் நேராகத் தலையணையில் விழுகிறதாம். திரைச்சீலை கிடையாது, போர்வையைத்தான் ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் காற்று வந்தால் அது அறைக்குள்ளே வயிறு மாதிரி உப்பிக்கொண்டு வருமாம்.