டர்போ ஆறும் வரை

பிக்கப் வண்டிக்கு,

உனக்கு முதலாளியும் இதை எழுதும் ஆஞ்சலாவுக்கு வீட்டுக்காரருமான மதலைமுத்து அவர்களோடு அவள் நேற்றிலிருந்து பேசுவதில்லை. அதனால் இந்தச் சீட்டு உனக்கு. உனக்குப் படிக்கத் தெரியாது, அவரே படித்துக் காட்டட்டும்.

மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சூடாக்கும்போது பக்கத்திலேயே நிற்கச் சொல். அதற்கு மீட்டர் கிடையாது.

நேற்று சந்தாபுராவிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆஞ்சலா தன் அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றிப் பேசினாள். உன் எஞ்சினுக்கு இழுவை கூட்டப் பெரிய டர்போ மாட்டியதிலிருந்து அவர் கண்ணோ புகைச் சூடு காட்டும் மீட்டரில்தான். "இரும்மா, முள்ளு ஏறுது" என்றார். அவளுக்கும் ஏறியது.

வாசலில் உன்னை உடனே அணைத்தாரா? இல்லை. "சூட்டோட ஆஃப் பண்ணா டர்போ போயிடும்" என்று முள் இறங்கும்வரை உன்னோடு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தவளிடம் மட்டும், "சரி, விடு" என்று பேச்சையே ஆஃப் பண்ணிவிட்டார்.

தண்ணீர் கேன் வரும், வாங்கி வைக்கச் சொல்.

ஏங்க, சாயங்காலம் வந்துடுவேன். அப்பவும் சூடாத்தான் இருப்பேன். ஆஃப் பண்ணாம கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க.