விசாகத்தின் கையால் சாப்பிட்டவர்

என் பட்டு அக்காவுக்கு, மாதுங்காவிலிருந்து லலிதா நமஸ்காரம் செய்து எழுதுவது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாள் கழித்து எழுதுகிறவள் நல்ல சேதியாக எழுதக்கூடாதா என்பாய். அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வைகாசி விசாகத்தன்று நடந்தது வேறு. வீட்டுக் கணக்கு எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

உன் மைத்துனர் சேது, மனைவி பார்வதியோடு டோம்பிவிலியிலிருந்து வந்திருந்தார். மூத்த பையனுக்கு என் ஜெயாவைக் கேட்டு. ஜெயா இப்போது ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட், தெரியுமா? பையன்மேல் அவளுக்கும் விருப்பம். வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று எந்தப் புடவை கட்டிக்கொள்வதென்று மூன்று தரம் மாற்றினாள், அதிலேயே தெரிந்துவிட்டது.

அவள் நட்சத்திரம் உன்னுடையதேதான், விசாகம். விசாகத்தில் பிறந்த பெண் வாழ வந்தால் புருஷனின் தம்பிக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்குப் பயந்துதானே நம் அப்பா உன் பிறந்த நேரத்தைச் சில நாழிகை தள்ளி, அனுஷம் என்று ஜாதகம் எழுதவைத்தார்? அந்தப் பொய்யோடுதான் நீ பம்பாய்க்கு வந்தாய். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால் அனுஷம் என்பாய். வாய் சொல்லும், கண் கீழே போகும். ஒரு நாள் வெளியே வந்து என்னிடம், "சுவாமிக்குத் தெரியும்டி, குருக்களுக்குத் தெரியவேண்டாம். இது என்னோட போகட்டும்" என்றாய். நானும் சரி என்றேன்.

அந்த நட்சத்திரம் அப்படி என்னதான் பாவம் செய்தது? லைப்ரரியில் தமிழில் ஒரு வானநூல் கிடைத்தது. புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அமாவாசையை ஒட்டி, விளக்கேற்றின கையோடு ஜெயாவை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்த் தேடினோம். சித்திரைக்கும் சிவப்பாக இருக்கிற கேட்டைக்கும் நடுவே, வெள்ளையாக, அடக்கமாக இருக்கிறது அக்கா.

வெள்ளை என்றால் குளிர்ச்சி என்றுதானே நினைப்போம்? இல்லையாம். இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், இன்னும் காய்ச்சினால் வெளுக்கும், அந்தக் கணக்குத்தான். நம் சூரியனைவிட அதற்குச் சூடு அதிகம். உருவத்திலும் பெரியது, வெளிச்சமோ பல மடங்கு. அதுவும் ஒன்றல்ல. கூடவே சின்னதாக இன்னொன்று இருக்கிறது. என் கண்ணாடிக்கு அகப்படவில்லை. "ஒட்டினாப்பல இன்னொண்ணு இருக்கும்மா" என்றாள் ஜெயா.

நாங்கள் அன்று பார்த்த வெளிச்சம் நம் அம்மா பிறப்பதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பியதாம். வழியெல்லாம் வெறும் வெளி. கிளம்பும்போது அதற்கு யாரைத் தெரியும்? டோம்பிவிலியில் ஒரு மைத்துனன் பிறப்பான், அவனைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றா அது புறப்பட்டது?

சேது கோயிலில் பால்குடம் எடுத்துவிட்டு நேரே வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. கேசரி இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஜாதகத்தைப் பிரித்தார்.

"விசாகமா? அடடா! எனக்கு ரெண்டாவது பையன் ஒருத்தன் இருக்கானே."

"காலம்பற பால்குடம் எடுத்தேளே, அந்த முருகனுக்கு என்ன நட்சத்திரம்?" என்றேன்.

"சுவாமி சமாசாரம் வேற, மனுஷா சமாசாரம் வேற. எங்க மன்னியையே எடுத்துக்கோங்கோ. அனுஷம். அவ எங்காத்துல கால் வெச்ச நாளிலேர்ந்து எனக்கு ஒரு குறை உண்டா? அப்படி ஒரு நட்சத்திரமா அமையணும்."

உள்ளே ஜெயாவின் வளைச் சத்தம் நின்றுபோனது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மன்னி அனுஷம் இல்லே," என்றேன். "விசாகம். எங்கப்பா மாத்தி எழுதிக் குடுத்தது. நீங்க சின்னப் பையன்லேர்ந்து விசாகத்தின் கையாலதான் சாப்பிட்டு வளந்திருக்கேள். ஆகாமல் போச்சா?"

சொல்லிவிட்டேன் அக்கா. நீ சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். இதை நாலு பேர் படிக்கும்படியும் எழுதுகிறேன். அதற்கு மன்னிப்பும் கேட்கப்போவதில்லை.

அந்த மனுஷன் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். கேசரித் தட்டைத் தள்ளி வைத்தார். விரலை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு மெள்ள, "அப்போ, அந்த டைபாய்டு..." என்றார்.

"குர்லா ஸ்டேஷன்ல வழுக்கி விழுந்தேளே, அது?" என்று பார்வதி எடுத்துக் கொடுத்தாள்.

"ப்ரமோஷன் தள்ளித் தள்ளிப் போச்சே!"

சீ! டைபாய்டில் நினைவு தப்பிக் கிடந்தவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி புகட்டினவள் யார்? பிழைத்து எழுந்ததை உன் கணக்கில் வைக்கவில்லை, படுத்ததை மட்டும் வைத்துவிட்டார். அத்தோடும் விடவில்லை. பார்வதி புருஷனின் காதருகே குனிந்து, எனக்குக் கேட்கும்படியே, "கூடத்துல மன்னி படம் மாட்டியிருக்கே. தெனமும் பூ வேற போடறோம்" என்றாள்.

அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "போனதும் கழட்டிடலாம்."

எலி செத்த நாற்றம் மாதிரி அந்த வார்த்தை இன்னும் வீட்டுக்குள் நிற்கிறது.

"கழட்டிப் பரண்ல போட்டுடாதீங்கோ. நானே வந்து வாங்கிக்கறேன்" என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டேன்.

அவர்கள் போனபின் ஜெயாவின் அப்பா என்ன சொன்னார் என்று கேள். "போறான் விடு. அடுத்த இடத்துக்கு நாமளும் அனுஷம்னு எழுதிடலாமே. உங்கப்பா பண்ணலையா?" நல்ல மனுஷர்தான். பெண்ணைக் கரையேற்ற வேண்டுமே என்கிற பயம்.

நான் பதில் சொல்வதற்குள் ஜெயா வந்துவிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டா நான் என்ன சொல்லணும்ப்பா? பெரியம்மா மாதிரி ஆயுசுக்கும் சுவாமி முன்னாடி நின்னு பொய்யா?" என்றாள். அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்பா பேச்சைத் தாண்டமாட்டேன் என்று பையன் நேற்றுச் சொல்லியனுப்பிவிட்டான். ஜெயா இன்று ஆபீஸுக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு டப்பாவை வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று உனக்காவது தெரியுமா?

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாளைக் காலை டோம்பிவிலி போகிறேன். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். உன் படத்தை வாங்கிக்கொண்டு, ரயிலில் லேடீஸ் டப்பாவில் மடியில் நிமிர்த்தி வைத்து, மாதுங்கா வரைக்கும் உன்னை அழைத்துவருவேன். யார் படம் என்று பக்கத்தில் இருப்பவள் கேட்டால், என் அக்கா, விசாகம் என்பேன். ஜெயாவின் ஜாதகம் எத்தனை வீட்டிலிருந்து திரும்பி வந்தாலும் ஒரு நாழிகைகூடத் தள்ளி எழுத விடமாட்டேன். முருகன்மேல் சத்தியம்.

உன்னோடு கூடப் பிறந்தவள்,
லலிதா