அடுத்த காற்றுக்குப் போகலாம்

அண்ணி,

இன்று கொத்தவரங்காய் வாங்கிவிட்டேன். வேண்டுமென்று வாங்கவில்லை. ஜங்ஷன் ரோட்டில் வண்டிக்காரர் கூறு கட்டி வைத்திருந்தார், கை தானாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து நாலு காய் அரிந்ததுமே அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டேன். அந்த வாசனை வந்தால் எனக்கு ரோமாபுரி ஞாபகம் வருகிறது. வேறு யாரிடமாவது சொன்னால் மரை கழன்றுவிட்டது என்பார்கள், உங்களிடம் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பொம்மைக் கம்பெனிக்கு லீவு. வாரமெல்லாம் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிய கை அன்றைக்குக் கொத்தவரங்காய் அரியும். வேறு எந்தக் காய்க்கும் உங்களுக்குக் கதை வராது. "வெண்டக்கா சட்டுனு முடிஞ்சிடும் பாப்பா, கொல நடக்கறதுக்குள்ள சட்டி நெறஞ்சிடும்" என்பீர்கள். ஐம்பதைத் தாண்டிய நாத்தனாரைப் பாப்பா என்று கூப்பிட்டவர் இந்த ஊரில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். கோர்ட்டுக்கு எதிரில் டைப்பிங் சென்டரில் மனுவும் பத்திரமும் அடித்து அலுத்த என் விரல்கள் ஞாயிறன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கொலை எழுதும்.

எல்லாம் பாண்டிச்சேரி மியூசியத்தில் ஆரம்பித்தது. அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ரோமானிய மது ஜாடி ஒன்றின் உடைந்த கழுத்து அங்கே கண்ணாடிக்குள் இருந்தது. அண்ணன் டீ குடிக்கப் போகலாம் என்று பிடுங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் அசையவில்லை. இதைக் கொண்டுவந்தவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று என்னைக் கேட்டீர்கள், என்னவோ எனக்குத் தெரியும் என்பதுபோல. பஸ் நெய்வேலி தாண்டுவதற்குள் கேள்வியைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள். இங்கிருந்து அங்கே போன பெண் ஒருத்தி இருந்திருந்தால்? அப்படிப் பிறந்தவள்தான் நம்முடைய சாத்தி.

மிளகு வாங்க வந்த யவன வியாபாரி ஒருவன் அவள் கைச் சோற்றுக்கு மயங்கி, ரோமாபுரிக்குக் கப்பலேற்றிக்கொண்டு போன சமையல்காரி. அந்த வீட்டைச் சுற்றி எப்போதும் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள். சாத்தி அடுப்புச் சாம்பலையும் எச்சில் கோப்பையையும் பார்த்தே ஆளைப் பிடிப்பாள். கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டி, கையைத் துடைத்துக்கொண்டே பெயரைச் சொல்வாள். சென்னையில் ஒரு மாத நாவல்காரர் துணிந்து போட்டார். நாம் வைத்துக்கொண்ட ஆண் பெயரைப் பார்த்து, யாரோ ரிட்டயர்டு சரித்திரப் பேராசிரியர் என்று வாசகர்கள் நம்பினார்கள். 'ஐயா' என்று வந்த கடிதங்களைப் படித்து நீங்கள் சிரிக்கிற சிரிப்பில் புரை ஏறிவிடும்.

பேராசிரியர் லட்சணம் நமக்குத்தானே தெரியும். முதல் கதையில் சாத்தி ரோமாபுரியில் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தாள். அந்தக் காலத்தில் மிளகாய் ஏது என்று ஒரு வாசகர் கிழித்துத் தோரணம் கட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. நீங்கள் அசராமல், மிளகு போட்டுக்கோ, அதுக்காகத்தானே கப்பலே வந்தது என்றீர்கள். ஆனால் அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் சாய்ந்து படுத்துக்கொண்டுதான் விருந்து சாப்பிடுவார்கள் என்று நான் படித்துச் சொன்னபோது உங்களுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "படுத்துக்கிட்டுத் தின்னா பரிமாறுறவ எவ்ளோ குனியணும்? அவ இடுப்பு என்னத்துக்கு ஆவும்?"

உங்களிடம் எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று உண்டு. கொலைகாரர் யார் என்று கடைசி ஞாயிறு வரை என்னிடம் சொல்ல மாட்டீர்கள். தெரிந்தால் என் எழுத்து காட்டிக் கொடுத்துவிடுமாம், என் வாயில்தான் எதுவும் நிற்காதாம். கெஞ்சிப் பார்த்திருக்கிறேன், இரண்டு வாரம் பேசாமலும் இருந்திருக்கிறேன். மசியமாட்டீர்கள். அப்புறம் கடைசி ஞாயிறன்று பெயரைக் கேட்டு வாயைப் பிளப்பேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மற்ற ஞாயிறெல்லாம் வந்தேன் என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்று, ஒவ்வொரு கதையின் முடிவிலும் சாத்தி ஊருக்குப் போகக் கேட்பாள். "காற்று மாறிவிட்டது, கப்பல் கிளம்புகிறது, என்னை அனுப்புங்கள்" என்பாள். வியாபாரி அன்பாகச் சிரித்து, "அடுத்த காற்றுக்குப் போகலாம்" என்பான். அடுத்த மாத நாவலுக்கு வழி வைக்கிறீர்கள் என்று நினைத்தேன். வாசகர்களுக்கும் அது பிடித்துப்போனது.

அண்ணனுக்குச் சாத்தி மேல் உயிர். பெண்ணாடம் பக்கம் கரும்பாலையில் வேலை முடிந்து வந்ததும், கால் கழுவுவதற்கு முன்னால் புது அத்தியாயம் எங்கே என்பார். நீங்கள் முசிறியைப் பார்க்க வேண்டும் என்பீர்கள். மிளகுக் கப்பல் நின்ற கடல், கேரளா, ஒரு ராத்திரி ரயில் பயணம், அவ்வளவுதான். அண்ணன் மறுத்ததே இல்லை. "அரவ முடியட்டும், போலாம்" என்பார். அரவை முடிந்தால் ஆலையில் மராமத்து வரும். அது முடிந்தால் அடுத்த அரவை வந்துவிடும்.

அப்புறம் உங்களுக்கு உடம்புக்கு வந்தது. புதிய கதையில் அந்த வியாபாரியே மிளகுக் கிடங்கில் செத்துக் கிடந்தான். கப்பல் தலைவன், வியாபாரியின் தம்பி, வைத்தியன் என்று மூன்று பேர் மேல் சந்தேகம். கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தும் வெட்கமில்லாமல் கேட்டேன், யார் அண்ணி அது என்று. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றீர்கள். அந்த ஞாயிறுக்கு நீங்கள் இல்லை. காரியம் முடிந்த பிறகும் அழுகையோடு அழுகையாக எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பதிப்பாளர் போன் செய்து, பெரிய மனசு பண்ணி முடித்துக் கொடுங்கள் என்றார். கப்பல் தலைவனைக் காட்டி முடித்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. உங்கள் கதையில் குற்றமில்லாத ஒருவனை மாட்டிவிட்டால் உங்களிடம் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். பழைய நாவல்களை எடுத்து முதலிலிருந்து ஒரு வாசகியாகப் படித்தேன்.

அப்போதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு கதையிலும் நடுவில் ஓரிடத்தில், "ஒரு ஆளுக்கு வயிறார சோறு போட்டுடு பாப்பா" என்பீர்கள். நானும் சாத்தி யாரையாவது உட்கார வைத்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பரிமாறுவதாக எழுதுவேன். உங்கள் இளகிய மனசு என்று நினைத்தேன். புரட்டிப் பார்த்தால், சாத்தி அப்படிச் சாப்பிட வைத்த ஆள்தான் ஒவ்வொரு கதையிலும் கொலைகாரர். தண்டனைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வேளைச் சோறு போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கள்ளி அண்ணி நீங்கள். சிரித்துக்கொண்டே அழுதேன்.

புதிய கதையை எடுத்துத் தேடினேன். கப்பல் தலைவனுக்குச் சோறு இல்லை. தம்பிக்கும் வைத்தியனுக்கும் இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு மத்தியானம், வீட்டில் யாருமில்லாதபோது, சாத்தி தனக்கென்று தனியாக உலை வைக்கிறாள். நெய் ஊற்றி, நிதானமாக உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிடுகிறாள். இத்தனை கதைகளில் சாத்தி சாப்பிட்டு நாம் எழுதியது அந்த ஒரு தடவைதான். கதைக்கு ஒட்டவில்லையே, எடுத்துவிடட்டுமா என்று அன்று நான் கேட்டது ஞாபகமிருக்கிறதா? அதை மட்டும் தொடாதே என்றீர்கள்.

சாத்தியேதான். காரணத்தைத் தேட வேண்டியதாகவே இல்லை. ஒவ்வொரு நாவலின் கடைசிப் பக்கத்திலும் நானே டைப் அடித்து வைத்திருந்தேன். அந்த வியாபாரி அவளை ஊருக்கு அனுப்புவதாகவே இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "சாத்தியா? அவ ஏன் செய்யறா? வேற யார வேணா புடி, அவ மேல பழி போடாத" என்றார். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இதை எழுதினால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் இது உங்கள் கதை. என் அண்ணன் மனசு நோகிறது என்பதற்காக நீங்கள் சொல்ல வந்ததை அழிக்க நான் யார்?

எழுதிவிட்டேன் அண்ணி. சாத்தி வழக்கம்போல எல்லாரையும் கூடத்தில் கூட்டினாள். வழக்கம்போலக் கையைத் துடைத்துக்கொண்டே பெயரைச் சொன்னாள், தன் பெயரை. அப்புறம் என்ன செய்வாள் என்று நீங்கள் சொல்லித்தரவில்லை. நானாகத்தான் யோசித்தேன். யாரும் வாயைத் திறப்பதற்குள் அவள் வாசல்படி இறங்கித் துறைமுகத்தைப் பார்த்து நடக்கிறாள். கப்பல் கிடைத்ததா என்று எழுதவில்லை. காற்று மட்டும் கிழக்கு நோக்கி வீசியது.

நேற்று அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அண்ணனிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று சொன்னவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தார். காகிதங்களை அடுக்கினார். தட்டி நேராக்கினார். மறுபடி அடுக்கினார்.

"இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்ல" என்றார்.

யார், யாரை என்று நான் கேட்கவில்லை. என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன், அதனால் அது என்னோடு வந்துவிட்டது. உங்களிடம் சேர்க்க வேண்டிய பேச்சு. சேர்த்துவிட்டேன்.

உங்கள்
பாப்பா