பாதி படித்த பேப்பர்

என் பார்வதி அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோபம் வந்தால் திட்டு. திட்டுவதற்காவது வரமாட்டாயா என்றிருக்கிறது.

நேற்று சிம்பாங் அம்பாட் ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். உன் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டிய மாரியாயி அக்காவுக்கும் உன்னைப் போலவே மார்பில் கட்டியாம். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம் பிடிப்பதாக அவள் மகள் போன் செய்தாள்.

நான் போனதும் மாரியாயி அக்கா அலமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே பட்டை பட்டையாக வலி மாத்திரை. "ஒங்கக்கா பழக்கி விட்டதுதான் தங்கச்சி. தெனம் விடியக்காலம் பெரட்டுல பேர் குடுக்கப் போறதுக்கு முன்னால கோப்பியோட ஒண்ணு. தோள்வலிக்கும் ஆச்சு, மார்ல வர்ற அந்த நோய்க்கும் காவலாச்சு. கிளினிக்குல வேல செய்யற நீயே சொன்னியாமே? பின்ன என்னா பயம் லா?"



சொன்னது நான்தானே அக்கா! கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து ஆங்கிலப் பேப்பரில் பாதி படித்தேன். இந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிடும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாக வருமோ என்று ஆராய்கிறார்களாம். அந்த ஞாயிறே உன் வீட்டில் பெரிய மேதாவி மாதிரி அளந்தேன். நீ போன பிறகுதான் டாக்டரிடம் கேட்டேன். "தடுக்கும்னும் உறுதியில்ல, கெடுக்கும்னும் உறுதியில்ல. வந்த கட்டியை இது கரைக்காது. வெறும் வயித்துல போட்டா குடல் புண்ணாகும்" என்றார்.

பிறகொரு நாள் பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே, நினைவிருக்கிறதா? "ஏம்மா, அந்த மாத்திர போடறவங்களுக்குக் கட்டி வராதுதானே?" நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, "வராதுக்கா, பேப்பர்லயே போட்டுட்டான் லா" என்றேன். ஏன் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டேனா, பாவி? அப்போதே உனக்குக் கட்டி இருந்ததா அக்கா?

டாக்டர் சொன்னதை மாரியாயி அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"பார்வதி பொய் சொல்றவ இல்ல."

"அக்கா பொய் சொல்லல. நான்தான் பாதி படிச்சிட்டு ஒளறிட்டேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப பார்வதி... நீ சொன்னத நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாம கெடந்தாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு என்ன தெரியப்போகிறது?

"ஆமாக்கா" என்றேன்.

என்னை அறைந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மாத்திரைகளை அள்ளி என் மடியில் போட்டாள். பிறகு, "திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு எத்தன மணி பஸ்ஸு?" என்றாள்.

நான்தான் கூட்டிப் போகிறேன். டாக்டர் சொல்வதைக் கடைசி வார்த்தை வரை கேட்டு, ஒன்று விடாமல் அவளுக்குச் சொல்வேன். பஸ் நிறுத்தத்தில் அவள் என்ன கேட்டாலும், பஸ் போனால் போகட்டும், அவள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன் அக்கா.

உன்னிடம் கேட்காமல் விட்ட
உன் தங்கச்சி,
செல்வி